பதினோரு நாள்

படத்தில் என் வீட்டு மாடி நீலம்.
நாங்கள் எந்தக் காலத்திலும் நீலம் அடித்ததில்லை.
சுண்ணாம்புதான், அதுவும் ஒரு பக்கம்.
மறுபக்கத்தைக் குருசுக்குப்பத்து உப்புக்காற்று தின்றிருந்தது.

மகள்தான் சொன்னாள்,
ஓதில் எடுத்த படமாம், போய்ப் பாரம்மா என்று.
ஏசி குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.
தமிழ் எழுத்து கீழே வருவதற்குள்
சொலான்ஜ் பேசுவது எனக்குப் புரிந்துவிடுகிறது.
அவள் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பாள்:
நான் யார்?
வாடகைக்குப் போய் நின்ற அன்று என்னிடமும் கேட்டாள்.
நீ சொலான்ஜ், மூன்று மாத பாக்கி, என்றேன்.

படத்தில் வீட்டுக்காரி ஒரு கிழவி.
பெரிய மூக்குத்தி.
ஆற்றைப் பற்றி ஏதோ சொல்கிறாள், சொலான்ஜ் அழுகிறாள்.
எனக்கு அப்போது இருபத்து மூன்று.
இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று.
ஆற்றைப் பற்றி நான் பேசியதாக ஞாபகம் இல்லை.
குழாயை மூடு, தண்ணீர் வழியுது,
என்று சொல்லியிருப்பேன்.

பிறகு மலை.
வெறுங்காலோடு ஏறுகிறாள்,
வெயில் ஆரஞ்சாக விழுகிறது.
அடுத்த காட்சியில் இறங்கி வருகிறாள்,
இரண்டு பெண்களும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்கள்.
நடுவில் ஒரு வெட்டு.
கண்ணைச் சிமிட்டினால் தெரியாது.

அந்த வெட்டுக்குள்தான் நான் இருந்தேன்.

பதினோரு நாள்.
பொன் முடியில் பேன் கறுப்பாகத் தெரியும்,
எடுப்பது சுலபம்.
கிளேர், பெரியவள்,
திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ் நேரமெல்லாம்
சுவரில் கரியால் எழுதி வைத்து
ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தாள்.
கருவாட்டு வாசனைக்கு முதல் நாள் மூக்கைப் பிடித்தவர்கள்
நாலாம் நாள் சட்டியை வழித்தார்கள்.
ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால்
தன் பிள்ளை தானே வளரும் என்றாள் பக்கத்து வீட்டு இருசாயி.
வளரவில்லை. அன்றைக்கு அதுவும் சேர்ந்து வாந்தி எடுத்தது.
பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் நிமிராமலே கேட்டாள்,
தாய் பெயர்?
ஓதிலுக்கு நூற்று மூன்று.
அஞ்சலாட்சி, என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஓதிலுக்கு முன்பல் விழுந்தது.
சாணியில் பொதிந்து கூரைமேல் எறிந்தேன்.
எறிந்ததைப் பார்த்து அவள் அழுதாள்,
அம்மாவிடம் காட்டணுமாம்.
அம்மா எப்ப வரும், அம்மா எப்ப வரும்,
அவளுக்குத் தெரிந்த தமிழே அதுதான் அப்போது.

வந்தவள் என் கையில் விபூதி கொடுத்தாள்.
முகம் துடைத்து வைத்த விளக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது,
பொய் சொல்லமாட்டேன்.
நீ ஒருநாளாவது உன்னைத் தேடியிருக்கிறாயா, அஞ்சலாட்சி?
என்றாள்.

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.
ஓல்டு டவுனில் இறங்கி
துறைமுகம் வரைக்கும் நடந்தேன்.
யாருக்கும் என்னைத் தெரியாது.
கடையில் வஞ்சிரம் வறுவல் வாங்கி
நடுத்துண்டை நானே தின்றேன்,
கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக.
பிள்ளை ஐஸ் உருகி என் தோளெல்லாம் வழிந்தது.
இரண்டு மணி நேரம் இருக்கும்.
மில் சங்கு ஊதுவதற்குள் வந்து உலை வைத்துவிட்டேன்.
எங்கே போனே? என்றார்.
ரேஷன் கடைக்கு.

விளக்கு போட்டார்கள்.
உங்கள் தாயை மன்னித்துவிட்டீர்களா என்று
மைக்கில் ஒருவர் கேட்டார்.
ஓதில் நெடுநேரம் பேசினாள்.
காது கொடுக்கவில்லை நான்.
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் எல்லோருக்கும் கை கொடுத்தாள்,
எனக்கும் கொடுத்தாள்.
நன்றி, என்றாள் தமிழில், சிரித்தாள்.
நேராகத்தான் முளைத்திருக்கிறது.